மிசிஸ் வீட்டுக்காரர்

அக்கா கதவில் தட்டமாட்டா. பெல் இருந்தாலும் அமத்தமாட்டா. கதவுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, "வீட்டுக்காரர்..." என்று கூப்பிடுவா. பிறகு பேசாமல் நிற்பா.

ஊரில் வேலிப் படலையடியில் நின்று எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். படலை திறந்து கிடந்தாலும் கேட்காமல் உள்ளே போகமாட்டோம். வீட்டுக்குள் இருந்து யாராவது "ஆரது? வாங்கோ" என்று சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் கால் வைக்கிறது. கனடா வந்த பிறகு எல்லாரும் அதை விட்டுவிட்டோம். இங்கே படலை எங்கே இருக்கு? நாங்கள் இருந்தது ஸ்காபரோவில் ஒரு மாடிக் கட்டடம். நீட்டு நடை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். வருகிறவர்கள் தட்டுவார்கள். நாங்கள் ஓட்டைக்குள்ளால் பார்த்துவிட்டுத் திறப்போம். அக்கா மட்டும் பழக்கத்தை விடவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவ இல்லை, எங்கள் எல்லாருக்கும் அவ அக்கா.

முதல் தரம் மெல்லக் கூப்பிடுவா. கொஞ்ச நேரம் பார்ப்பா. அடுத்த தரம் கொஞ்சம் பலத்து. அதற்கும் ஆள் வராவிட்டால் திரும்பிப் போய்விடுவா. பிறகு எங்கேயாவது கண்டால் குறையாகச் சொல்லமாட்டா.

"வந்தனான் பிள்ளை. உனக்கு ஏதோ அலுவல் போலை."

நான் உள்ளே ரீவி பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன்.

உள்ளே வருமுன் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைப்பா. அதை எல்லாரும் செய்கிறோம். அக்கா வைத்த சப்பாத்து மட்டும் மூக்கு வெளிப்பக்கம் பார்த்தபடி, இரண்டும் ஒட்டி இருக்கும். 

"போகேக்கை வாசலிலை நிண்டு அதைத் திருப்பிக்கொண்டு நிக்கக்கூடாது," என்பா. "போறன் எண்டால் போகவேணும்."

எனக்கு முன்வீட்டில் ஒரு பிலிப்பினோக் குடும்பம். தாயும் ஒரு சின்னப் பெடியனும். அக்கா என் வாசலில் நின்று கூப்பிடுவது அவர்களுக்கு நல்லாகக் கேட்கும். அது அக்காவின் பெயர் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். வருகிறவர் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார் என்று. ஒருநாள் அக்கா வருவதைக் கண்டுவிட்டு அந்தப் பெடியன் உள்ளே பார்த்துக் கத்தினான்.

"மொம், மிசிஸ் வீற்றுக்காரர் இஸ் ஹியர்."

அதிலிருந்து மாடி முழுக்க அந்தப் பெயர்தான். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் லிஃப்டில் கண்டால், "குட் மோர்னிங், மிசிஸ் வீற்றுக்காரர்" என்பார். நான் பிழையைச் சொல்லித் திருத்தப் போனேன். அக்கா விடவில்லை.

"விடு பிள்ளை. எனக்கு ஒரு காலத்திலையும் சொந்த வீடு வாய்க்கேல்லை. பேரிலையாவது இருக்கட்டும்."

கடைசிக் காலத்தில் மகன் அக்காவைப் பிக்கரிங்குக்குக் கூட்டிக்கொண்டு போனான். புது வீடு, அவனும் மனுசியும் மட்டும். வாசலில் கமரா வைத்த பெல். ஆள் வந்து நின்றாலே மகனின் போனுக்குப் படம் போகும். அக்கா காலமையில் நடக்கப் போவா. திரும்பி வந்து வாசலில் நிற்பா. கையில் கதவுத் திறப்பு இருக்கும். திறக்கமாட்டா. "வீட்டுக்காரர்" என்று கூப்பிட்டுவிட்டு நிற்பா.

மகன் ஒருநாள் வேலைக்குப் போகிற ரெயினில் இருந்து எனக்கு போன் எடுத்தான்.

"அன்ரி, அம்மாவுக்கு மறதி வந்திட்டுதோ தெரியேல்லை. கையிலை திறப்பை வைச்சுக்கொண்டு வெளியிலை நிக்கிறா. இப்பவும் போனிலை பாக்கிறன், நிக்கிறா."

"மறதி இல்லைத் தம்பி. உன்ரை மனுசிக்கு நேரம் குடுக்கிறா."

"என்னத்துக்கு நேரம்?"

"முகத்தைத் துடைக்க."

 ரெயின் சத்தம் மட்டும் கேட்டது. நான் அவன் வீட்டுக் கதை ஒன்றும் அறிந்து சொல்லவில்லை. அக்கா எனக்கு முந்தி ஒருநாள் சொன்னதைத்தான் சொன்னேன். "உள்ளுக்கை ஆள் என்ன கோலத்திலை இருக்கோ, ஆருக்குத் தெரியும்? சண்டை பிடிச்சுக்கொண்டு இருக்கலாம். அழுதுகொண்டு இருக்கலாம். முகத்தைத் துடைச்சுக்கொண்டு வர நேரம் குடுக்கவேணும். தட்டினால் அந்த நேரம் இல்லை. தட்டினால் உடனை திறக்கவேணும்."

போன பனிக்காலம் அக்கா போய்விட்டா. செத்தவீட்டு மண்டபத்துக்குச் சனம் நிறைய வந்தது. வாசலில் அந்தப் பிலிப்பினோப் பெண் மேசையில் இருந்த ஆளோடு மன்றாடிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அவளுடைய மகன், இப்போது தாயைவிட உயரம். "மிசிஸ் வீற்றுக்காரர், எந்த அறை?" என்று கேட்கிறாள். அந்த ஆள் அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்கிறார். நான் போய் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். அக்காவின் சொந்தப் பெயரை அவள் அன்றைக்குத்தான் பலகையில் பார்த்தாள். பார்த்துவிட்டு, இல்லை என்பது போலத் தலையை ஆட்டினாள். நானும் அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை.

அக்கா பல வருசம் ஒரு ஹோட்டலில் அறைகள் துப்பரவாக்கும் வேலை செய்தா. அங்கே சட்டம், கதவில் தட்டிவிட்டு "ஹவுஸ்கீப்பிங்" என்று சொல்லவேண்டும். அக்கா சொல்லுவா. தட்டமாட்டா. மேலாளர் பெண் கூட்டிக்கொண்டு போய்த் தட்டிக் காட்டினாளாம். அக்கா ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு, அடுத்த கதவில் போய் நின்று, "வீட்டுக்காரர்... ஹவுஸ்கீப்பிங்..." என்று இராகத்தோடு கூப்பிட்டாவாம்.

ஒருநாள் ஒரு அறைக்குள் இருந்து பதில் வந்தது. 

"ஓம், ஆரது? வாங்கோ."

இலண்டனில் இருந்து கலியாணத்துக்கு வந்த ஒரு தமிழ்ப் பெண். அக்கா தள்ளுவண்டியை நடையில் விட்டுவிட்டு உள்ளே போய் இருந்துவிட்டா. இருவருக்கும் முன்பின் அறிமுகம் இல்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வந்தாவாம். அதற்கு ஏச்சு வாங்கினா.

"அவ்வளவு காலத்திலை ஒரு கதவு எண்டாலும் ஒழுங்காப் பதில் சொல்லிச்சுது," என்று எனக்குச் சொன்னா. ஏச்சு வாங்கினதைப் பிறகு வேறு ஆள் சொல்லித்தான் அறிந்தேன்.

தட்டாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை ஒரே ஒரு முறைதான் சொன்னா. கனடா வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு பழைய வீட்டில் அறை எடுத்து இருந்தாவாம். பனி கொட்டிய ஒரு நாள் திறப்பை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டா. உள்ளே ஆட்கள் பாட்டுப் போட்டுச் சமைத்துக்கொண்டு இருக்கிறார்கள். அக்கா வாசலில் நின்று கூப்பிடுகிறா. ஒருவருக்கும் கேட்கவில்லை. காது விறைத்து, விரல் விறைத்து, கடைசியில் யாரோ குப்பை போடக் கதவைத் திறந்தபோதுதான் கண்டார்களாம்.

"ஒருக்கால் தட்டியிருக்கலாமே அக்கா," என்றேன்.

"எங்கடை வீட்டுக் கதவிலை தட்டினவை ஒருத்தரும் நல்லதுக்கு வரேல்லை," என்றா. "அந்தச் சத்தத்தை நான் இன்னொரு வீட்டிலை போடன்."

  அக்கா பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டா.

என் மனுசன் பிறம்ரனில் லொறி ஓடியவர். நான் அவரைப் பெயர் சொன்னதில்லை. யாரும் கேட்டால் "என்ரை வீட்டுக்காரர்" என்பேன். எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் அப்படித்தான் சொல்லுவோம். அக்கா வாசலில் நின்று கூப்பிட்டால் அவர் கதிரையை விட்டு எழும்பாமலே பதில் சொல்லுவார்.

"ஓம், வீட்டுக்காரர் இஞ்சை இருக்கிறார். வீட்டுக்காரி குசினிக்கை சமைக்கிறா. வாங்கோ."

ஒவ்வொரு முறையும் அதே பகிடி. அக்கா ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டது போலச் சிரிப்பா. எனக்கு அந்தப் பகிடி அலுத்துப் போயிருந்தது.

ஒருநாள் காலமை அவர் எழும்பவில்லை. நித்திரையில் உயிர் போயிருந்தது. நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன்.

செத்தவீடு முடிந்து ஆட்கள் போன பிறகு படுக்கை அறைக் கதவைச் சாத்தினேன். மகள் என் உடுப்புகளை எடுத்து முன்னறை அலுமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அது வசதியாகப் போய்விட்டது. நான் அந்த அறைக்குள் போகத் தேவையில்லை. சோபாவில் படுத்தேன். அடுத்த நாளும் படுத்தேன். அப்படியே போய்விட்டது. அந்த அறையைத் திறந்தால் கட்டில் இருக்கும். அதில் அவர் இருக்கமாட்டார். எனக்கு அதைப் பார்க்க ஏலாது. வேறு ஒன்றும் இல்லை.

மகள் வந்தால் கேட்பாள். "அம்மா, ஏன் உந்த டோர் எப்பவும் பூட்டிக் கிடக்கு?"

"கதவு இறுகிப் போச்சு. இழுக்க ஏலாது."

அவள் கட்டடத்து ஆளுக்குச் சொல்லி, அவர் சாமான் பெட்டியோடு வந்துவிட்டார். கதவு இப்போது சரி என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். போகும்போது அவர் அந்தக் கதவையும் பார்த்தார், சோபாவில் கிடந்த தலையணையையும் பார்த்தார்.

அந்த நாட்களில்தான் அக்கா வந்து வாசலில் நின்று கூப்பிட்டா. "வீட்டுக்காரர்..."

நான் கதவைத் திறந்து, "அக்கா, இனி அப்பிடிக் கூப்பிடாதேங்கோ," என்றேன்.

"ஏன் பிள்ளை?"

"அப்பிடி ஒராள் இஞ்சை இல்லை."

அக்கா என் முகத்தைப் பார்த்தா.  கொண்டு வந்த கறியைத் தந்துவிட்டுப் போனா.

அதற்குப் பிறகு அக்கா என் வாசலில் கூப்பிடவில்லை. தட்டவும் இல்லை. வந்து சும்மா நிற்பா. முதலில் எனக்குத் தெரியாது. முன்வீட்டுப் பிலிப்பினோப் பெண்தான் சொன்னாள், மிசிஸ் வீற்றுக்காரர் நெடுநேரம் நின்றுவிட்டுப் போனா, நீ வீட்டில் இல்லையா என்று. நான் வீட்டில்தான் இருந்தேன். பிறகு நான் கதவுக்குக் கீழே பார்க்கப் பழகினேன். நடை வெளிச்சம் அந்த இடுக்கால் உள்ளே விழும். நடுவில் இரண்டு கறுப்பு விழுந்தால் அக்காவின் கால். உடனே திறக்கமாட்டேன். போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து திறப்பேன். அக்கா ஒருநாளும் "எவ்வளவு நேரம் நிக்கிறன் தெரியுமோ" என்று கேட்டதில்லை.

அடுத்த வருசம் அக்காவின் கத்தோலிக்கக் கோயில் ஆட்கள் துருக்கிக்கு ஒரு பயணம் வைத்தார்கள். மாதா கடைசிக் காலத்தில் இருந்ததாகச் சொல்லும் வீடு அங்கே ஒரு மலையில் இருக்குது. ஒரு அறைக்கு இரண்டு பேர். அக்கா என்னைக் கேட்டா.

"நான் சைவம், அக்கா."

"மாதா ஆளைப் பாத்து உள்ளுக்கை விடுறேல்லை."

மகளும் நின்று கரைச்சல் குடுத்தாள். "அம்மா, ஜஸ்ற் கோ. சும்மா போட்டு வாங்கோ." நான் போனதற்குக் காரணம் பக்தி இல்லை. சோபாவில் கிடந்து முதுகு போயிருந்தது. ஹோட்டலில் ஒரு கட்டில் இருக்கும், அது அந்தக் கட்டில் இல்லை என்று நினைத்தேன்.

முதல் நாள் காலமை எழும்பினபோது அக்கா சீப்பால் தலை இழுத்துக்கொண்டு இருந்தா.

"கட்டிலிலை நல்லாத்தானே படுக்கிறாய்," என்றா.

சோபாக் கதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அக்காவுக்குத் தெரியும் என்று அப்போதுதான் விளங்கியது.

மாதா வீடு சின்னக் கல்வீடு. எல்லாரும் வரிசையில் போய் முழங்காலில் நின்றார்கள். அக்கா வாசற்படியில் நின்றுவிட்டா. மெல்லமாக "வீட்டுக்காரர்" என்றா. பின்னால் நின்ற ஃபாதர் சிரித்தார்.

"மாதாவையுமோ?"

"மாதா எண்டாலும் அவவின்ரை வீடுதானே, ஃபாதர்."

மலையில் இருந்து இறங்கினால் எபேசு. பூசையில் அந்தப் பெயர் கேட்டிருக்கிறேன் என்று அக்கா சொன்னா. எனக்குப் புதுப் பெயர். கிரேக்கர் கட்டி, பிறகு ரோமர் இருந்த பட்டினம். இப்போது ஒருவரும் இல்லை. மேல்வாசலால் உள்ளே விட்டு, சரிவில் நடந்து, கீழ்வாசலில் பஸ் ஏறவேண்டும். வழிகாட்டிப் பெண் ஒரு சின்ன மஞ்சள் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

வெள்ளைக்கல் தெரு. வெய்யிலில் கண் கூசியது. கல்லில் வண்டிச் சில்லு ஓடிய தடம் இருந்தது. இரண்டு பக்கமும் தூண்கள், சில நிற்குது, சில விழுந்து துண்டு துண்டாகக் கிடக்குது. துண்டுகளுக்கு நடுவில் அத்திமரம் முளைத்து நின்றது. எங்கே பார்த்தாலும் பூனை. தலை இல்லாத ஒரு சிலையின் மடியில் ஒரு பூனை நித்திரை கொண்டது. சனம் படம் எடுத்துத் தள்ளியது. பெரிய நூல்நிலையம் ஒன்று, முகப்பு மட்டும் நிற்குது, பின்னால் வெறும் வெளி. எல்லாரும் அதற்கு முன்னால் போய் நின்றார்கள். அக்கா நிற்கவில்லை. அவவுக்குப் பெரிய கட்டடம் வேண்டாம். சின்ன ஒழுங்கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தா.

"உதுகளிலை சனம் இருந்திருக்கும், என்ன?"

எங்களோடு ஒரு மாஸ்ரர் வந்திருந்தார். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். நல்ல மனுசன், ஆனால் வாய் சும்மா கிடக்காது. ஒரு இடத்தில் ரோமர் காலத்துக் கக்கூஸ் இருந்தது. நீட்டுக் கல்லு வாங்கில், வரிசைக்கு ஓட்டைகள். 

"அக்கா, உதுக்கும் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கோவன்," என்றார் மாஸ்ரர்.

"உதுக்குக் கூப்பிடுறேல்லை, மாஸ்ரர். செருமினால் போதும்."

ஃபாதர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, கனகாலத்துக்குப் பிறகு சிரிக்கிறேன் என்று நினைத்தேன்.

கொஞ்சம் கீழே ஒரு ஒழுங்கை மேலே ஏறிப் போனது. அதில் ஒரு வீடு. வீடு என்று சொன்னால், இரண்டு பக்கமும் நிலைக்கல் நிற்குது. கூரை இல்லை. சுவர் இடுப்பளவு. கதவு இல்லை. வாசற்படிக் கல் மட்டும் கிடக்குது. அதன் நடு தேய்ந்து குழிந்து போயிருந்தது. அக்கா அதற்கு முன்னால் போய், கொஞ்சம் தள்ளி நின்றா.

"வீட்டுக்காரர்..."

மாஸ்ரர் தெருவில் நின்று சொன்னார், "அக்கா, அவையள் செத்து ரெண்டாயிரம் வருசம்."

"அப்ப கொஞ்சம் பலத்துத்தான் கூப்பிட வேணும்," என்றா அக்கா. பலத்துக் கூப்பிட்டா. நின்றா.

நான் பக்கத்தில் போனேன். "ஆள் இல்லையெண்டு தெரியும்தானே அக்கா. பிறகேன்?"

அக்கா தேய்ந்த கல்லைக் காட்டினா. "உதைப் பார். எத்தினை கால் மிதிச்சிருந்தால் உப்பிடித் தேயும். கதவு போயிட்டுது. கூரை போயிட்டுது. வாசல் நிக்குது. வாசல் நிண்டால் கேட்டிட்டுத்தான் போகவேணும்."

"பதில் வராட்டில்?"

"கொஞ்சம் நிண்டு பாத்திட்டுப் போறதுதான். உள்ளுக்குப் போகாமல் விட்டால் அந்த வீட்டுக்கு ஆர் இருக்கினம்?"

சொல்லிவிட்டுக் குனிந்து சப்பாத்தைக் கழற்றினா. மூக்கு வெளியே பார்க்க, ஒட்டி வைத்தா. கல்லைத் தாண்டி உள்ளே போனா. நான் வெளியே நின்றேன். உள்ளே ஒரு மூலையில் கல்லால் கட்டிய சின்ன மேடை. "அடுப்படி போலை இருக்கு," என்று குரல் வந்தது. யாருடைய வீட்டிலும் அக்கா முதலில் பார்ப்பது அடுப்படியைத்தான்.

அந்த நேரம் பார்த்து வழிகாட்டிப் பெண் கீழே இருந்து கொடியை ஆட்டிக் கூப்பிட்டாள். நான் தெருவால் ஓடினேன். அக்கா அந்த வீட்டின் பின்பக்கச் சுவர் விழுந்து கிடந்த இடத்தால் இறங்கி வந்துவிட்டா. கால் நரம்புக்காக எப்போதும் தடித்த சொக்ஸ் போட்டிருப்பா. வீட்டுக்குள் சொக்ஸோடு நடந்து பழகின கால். கீழ்வாசலுக்கு வந்து பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கினபோது சாரதிதான் கண்டார்.

அக்கா தன் காலைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. 

"வாசலிலை விட்டிட்டு வந்திட்டன் பிள்ளை."

"எந்த வாசலிலை?" என்று மாஸ்ரர் கேட்டார். விளங்கினதும் அவருக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. மற்றவர்கள் களைத்துப் போயிருந்தார்கள். பின்னால் ஒரு ஆள், புதுச் சப்பாத்து வாங்கலாம்தானே என்று முணுமுணுத்தார். அக்காவுக்கு ஏற ஏலாது. நான் போறன் என்றேன். வழிகாட்டிப் பெண் வாசல் காவலாளியிடம் சொல்லி என்னை உள்ளே விட்டாள்.

எல்லாரும் இறங்கி வருகிறார்கள். நான் ஒருத்தி ஏறிப் போகிறேன். ஒழுங்கைக்குள் திரும்பினதும் சனத்தின் சத்தம் நின்றுவிட்டது. அந்த வாசலில் சப்பாத்து வைத்தபடி இருந்தது. பக்கத்தில் ஒரு மண்ணிறப் பூனை, காவல் போல இருந்தது.

கையை நீட்டினேன். எடுக்க மனம் வரவில்லை. சப்பாத்து அக்காவுடையது, சரி. வாசல் யாருடையதோ. ஆள் இல்லாத வீட்டு வாசலில் வந்து எடுத்துக்கொண்டு போகிறது கள்ளர் செய்கிற வேலை. நிமிர்ந்து நின்றேன். கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"வீட்டுக்காரர்," என்றேன்.

சத்தம் சரியாக வரவில்லை. அவர் போனதற்குப் பிறகு அந்தச் சொல் என் வாயில் வந்தது அதுதான் முதல் தரம். என் காதுக்கு நான் அவரைக் கூப்பிட்டது போலவே கேட்டது. பூனை என்னைப் பார்த்தது.

இரண்டாம் தரம் பலத்துக் கூப்பிட்டேன். "வீட்டுக்காரர்."

நின்றேன். பஸ் நிற்குது என்று தெரியும். ஆனாலும் நின்றேன். அத்திமரத்தில் காற்று அடித்தது. ஒருவரும் "வாங்கோ" என்று சொல்லவில்லை. சொல்லமாட்டார்கள் என்று கூப்பிட முன்னமே தெரியும். ஆனால் கூப்பிடாமல் இருந்தபோது நெஞ்சில் இருந்த இறுக்கம், கூப்பிட்டுவிட்டு நின்றபோது இருக்கவில்லை. 

என் சப்பாத்தையும் கழற்றி வைத்தேன். தேய்ந்த கல்லைத் தாண்டி உள்ளே போனேன். கல்லு வெய்யிலில் சுட்டது. அடுப்படி மேடையைத் தொட்டுப் பார்த்தேன். வானத்தைப் பார்த்தேன். வெளியே வந்து இரண்டு சோடியையும் எடுத்தேன்.

பஸ்ஸில் மாஸ்ரர் கேட்டார், "என்ன தங்கச்சி, வீட்டுக்காரர் சப்பாத்தைத் தந்தவரோ?"

 அக்காவின் காலடியில் சப்பாத்தை வைத்தேன். அக்கா குனிந்து மெல்லக் கேட்டா.

"கேட்டிட்டோ எடுத்தனி?"

"ஓம்."

"அப்ப சரி," என்றா.  ஹோட்டல் வருமட்டும் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்திருந்தா.

விமானநிலையத்தில் இருந்து அக்காவின் மகன்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். என் பெட்டி பாரம் என்று அக்கா என்னோடு மேலே வந்தா. நான் திறப்புப் போட்டுத் திறந்தேன். அக்கா நடையில் நின்றுகொண்டா. நான் வாங்கோ என்று சொல்லவும் இல்லை. எனக்கு அப்போது ஒரே நினைப்புத்தான் இருந்தது. நேரே போய்ப் படுக்கை அறைக் கதவுக்கு முன்னால் நின்றேன். கொஞ்சம் தள்ளி.

"வீட்டுக்காரர்."

பிறகு இன்னொரு தரம்.

நின்றேன். குளிர்பெட்டி இரைகிற சத்தம் கேட்டது. கைப்பிடியைத் திருப்பினேன். கதவு இறுகியிருக்கவில்லை. லேசாகத் திறந்தது.

கட்டில் இருந்தது. அவர் இல்லை. கதிரையில் அவர் வேலைக்குப் போடுகிற சேட்டு கிடந்தது. அறை புழுங்கி மணத்தது. யன்னலைத் திறந்தேன். கீழே கார் சத்தம் வந்தது. கட்டில் ஓரத்தில் இருந்தேன். அழுதேன். போதும் என்ற அளவுக்கு அழுதேன். ஒருவரும் கதவில் தட்டவில்லை, ஒருவரும் "என்ன, என்ன" என்று ஓடி வரவில்லை.

அக்கா பெட்டியை உள்ளே உருட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்கும் என்று பார்த்தேன். கேட்கவில்லை. அக்கா இன்னும் நடையில்தான் நிற்கிறா. வீட்டுக் கதவு திறந்துதான் கிடக்குது. நீண்ட பயணம் வந்த கால். நரம்பு வீங்கியிருக்கும். ஆனாலும் நிற்கிறா.

நான் முகத்தைத் துடைத்து முடிக்குமட்டும் பார்த்துக்கொண்டு நின்றவ போல, பிறகுதான் கூப்பிட்டா. நான் வேண்டாம் என்று சொன்ன சொல்லை, என் வாசலில், அவர் போன பிறகு திரும்பவும்.

"வீட்டுக்காரர்..."

அதற்கு அவர் சொல்லுகிற பதில் எனக்கு மனப்பாடம். எத்தனையோ தரம் கேட்டு அலுத்த பகிடி. கட்டிலை விட்டு எழும்பாமலே சொன்னேன்.

"ஓம். வீட்டுக்காரி இஞ்சை இருக்கிறன். வாங்கோ."

அக்கா சிரித்தது கேட்டது. பிறகு, சப்பாத்துக் கழற்றுகிற சத்தம்.